ஏகாம்பரத்தின் சுத்தியல்

பக்திக்கும் துருப்பிடிக்கும் என்பதை என் பிக்கப் வண்டியின் பின்சக்கரத்திடம்தான் கற்றேன்.

பட்டுநூல் மூட்டை ஏற்றும் வண்டி அது. வியாழன் மாலைதோறும் அதற்கு நான் செய்தது கழுவல் அன்று, திருமுழுக்கு. குடம் குடமாக நீர். பிறகு திருநீற்றுப் பட்டை. முடிவில் ஹேண்ட்பிரேக்கை முழு வலுவோடு இழுத்து நிறுத்துதல். (எங்கள் தெரு சமதளம். உருண்டோட வழியே இல்லை. பயம் யாரை விட்டது?) ஈரத்தில் இறுகிய பிரேக் ஷூ, விடிவதற்குள் துருவேறி, சக்கரத்தின் உள்ளிருக்கும் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளிக்கிழமை வண்டி அசையாது.

அப்போதெல்லாம் எதிர்வீட்டு ஏகாம்பரம் சுத்தியலோடு வருவான். சாயப்பட்டறை வைத்திருந்தவன், கோயிலில் என்னோடு பதிகம் பாடுபவன். சக்கரத்தடியில் படுத்து டிரம்மைச் சுற்றித் தட்டுவான்.

"கழுவிட்டு உடனே பிரேக்க இஸ்துவெக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? பெரிய பேஜாருய்யா உன்னோட!"

ஆகட்டும் என்பேன். அடுத்த வாரமும் இழுப்பேன்.

ஒரு கார்த்திகையில் ஏகாம்பரம் மாரடைப்பில் போய்விட்டான். அவனைச் சுமக்கும் வண்டி தூயதாக இருக்க வேண்டும் என்று அன்று மாலை அழுதுகொண்டே கழுவினேன். அழுதுகொண்டே பிரேக்கையும் இழுத்தேன்.

மறுநாள் அவனை ஏற்றி, மாலை சார்த்தி, வண்டியைக் கிளப்பினேன். இஞ்சின் முழங்கிற்று, சக்கரம் அசையவில்லை. மேளம் ஓய்ந்தது. காலனைக் காலால் உதைத்தவன் புகழை நாங்கள் எத்தனை முறை பாடியிருப்போம்! அன்று காலனை மறித்து நின்றது என் பின்சக்கரம்.

"இன்னா சாமி, ஜல்தியா எடுங்க. மழ இருட்டிகினு வருது, வெறகு நனைஞ்சிடும்" என்றார் மேளக்காரர்.

எடுக்கத் தெரிந்தவனோ பின்னால் மாலைகளுக்கு நடுவே படுத்திருந்தான்.

வாசலில் சுருண்டு கிடந்த அவன் மனைவி சரோஜா எழுந்து உள்ளே போய், சுத்தியலோடு வந்தாள்.

"அவுரு திட்டிகினே தட்டுவாரு. நீங்க சும்மா தட்டுங்கண்ணா."

வெள்ளை வேட்டியோடு சேற்றில் படுத்தேன். முதல் அடி என் கட்டைவிரலில். நான் அலறியதை நட்பின் ஓலம் என்று எண்ணித் தெருவே உடன் அழுதது. (நான் மறுக்கவில்லை.) தட்டத் தட்ட, 'டங்' என்று டிரம் விட்டது. சரோஜா அழுகைக்கிடையே சிரித்துவிட்டாள்.

"போவ மனசில்லாம புடிச்சிகினு இருந்தாரு போல."

இன்றும் அந்த வீட்டில் யார் வெளியே புறப்பட்டாலும், "சுத்தி எடுத்துகினியா?" என்ற கேள்வி எழாமல் இருப்பதில்லை. சுத்தியலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், சரோஜா வாங்கவில்லை. வண்டியில் என் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது.

இப்போது நான் பிரேக் இழுப்பதில்லை. சக்கரத்துக்குக் கல் வைக்கிறேன். அவன் திதிக்கு முந்தைய மாலை மட்டும், கழுவிய ஈரத்தோடு, முழு வலுவோடு இழுத்து நிறுத்துகிறேன். மறுநாள் நானே படுத்துத் தட்டுகிறேன். டிரம் விட்டுவிடுகிறது.

திட்டத்தான் ஆளில்லை.