புளியமரத் தெருவின் அபராத வருமானம்

ஒரு காட்டில் நகராட்சி இருந்தது. அதற்கு முன்பு அங்கே சிங்கம்தான் இருந்தது. சிங்கம் கர்ஜித்தால் எல்லோரும் ஓடி ஒளிந்துகொள்வார்கள், விஷயம் முடிந்துவிடும். நகராட்சி வந்த பிறகு அப்படி ஒளிய வழியில்லை. வளைக்கு வளை கதவு எண் போட்டுவிட்டார்கள்.

அந்த நகராட்சியின் புளியமரத் தெருவில் செங்கமலம் என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். ராத்திரி இரை தேடுவாள், பகலில் தூங்குவாள். அந்த வருஷம்தான் அவளுக்குத் தலைச்சன் குட்டி பிறந்திருந்தது. குட்டி பிறந்த கையோடு, எதிர் மரத்தில் ஏகாம்பரம் என்ற குரங்கு சவுண்ட் சர்வீஸ் கடை திறந்தான்.

காதுகுத்து, வளைகாப்பு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் ஏகாம்பரத்தின் பெட்டிகள்தான் அலறின. விசேஷம் இல்லாத நாளில், “ஹலோ, மைக் டெஸ்டிங்” என்று பொழுது சாயும்வரை சோதித்துப் பார்ப்பான். முள்ளம்பன்றிக்குத் திடுக்கிட்டால் முள் சிலிர்க்கும். அது அவள் கையில் இல்லை. பெட்டி அலறும்போதெல்லாம் செங்கமலத்துக்குச் சிலிர்த்தது. புருஷன் மருதப்பனுக்கும் சிலிர்த்தது. அந்தச் சின்ன வளைக்குள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிலிர்த்தால் நடுவில் குட்டிக்கு ஏது இடம்? பால் குடிக்க வந்த குட்டி குத்துப்பட்டு, கீச்சென்று கத்திக்கொண்டு வெளியே ஓடும். நாளுக்கு நாள் அது இளைத்துக்கொண்டே போயிற்று.

செங்கமலம் எதிர் மரத்தடிக்குப் போனாள்.

“தம்பி, குட்டி பாலே குடிக்க மாட்டேங்குது. சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சு வைக்கக் கூடாதா?”

“என்னக்கா சொல்றீங்க? கேக்கலையே!” என்றான் ஏகாம்பரம். அதையும் மைக்கில்தான் சொன்னான்.

அவள் நேரே நகர்மன்றக் கூட்டத்துக்குப் போனாள். பெரிய பாறை மேல் தலைவர் கரடியார் வீற்றிருந்தார். பக்கத்தில் ஆணையர் நரியார். அன்று இருவர் முகத்திலும் களையே இல்லை. கஜானாவில் ஒரு நெல்லிக்காய்கூட இல்லை. அந்தக் காட்டில் நெல்லிக்காய்தான் பணம். தெருவிளக்காக வேலை பார்த்த மின்மினிகள் சம்பளம் வராததால் ஒளியை அணைத்துவிட்டு இலைக்கடியில் உட்கார்ந்துவிட்டன. ஓடையிலிருந்து தெருத்தெருவாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய யானை, “கூலி வரட்டும், தும்பிக்கை வரும்” என்று சொல்லி அனுப்பிவிட்டது.

நிதிநிலை, விளக்கு, தண்ணீர் என்று பேசிப் பேசி எதுவும் முடிவாகாமல் கரடியார் கொட்டாவி விட்ட நேரத்தில் செங்கமலம் எழுந்து நின்றாள்.

“தலைவரே, எங்க தெருவுல சத்தம் தாங்கலை. என் புள்ளை செத்துப்போயிடும் போல இருக்கு. நீங்களும் புள்ளை குட்டிக்காரர்தானே?”

கரடியாருக்கே கண் கலங்கிவிட்டது. “இனி அளவுக்கு மீறிச் சத்தம் போட்டால் நாளொன்றுக்கு ஒரு கூடை நெல்லிக்காய் அபராதம்!” என்று அங்கேயே தீர்மானம் போட்டார்.

மறுநாள் பகல் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. குட்டி அம்மாவை ஒட்டிப் படுத்து வயிறு முட்டக் குடித்தது. மருதப்பன் குறட்டை விட்டான். வேறு காடாக இருந்தால் கதை இத்துடன் முடிந்து, அவரவர் தூங்கப் போயிருப்பார்கள்.

அதற்கடுத்த நாள் பெட்டிகள் முன்னைவிட உரக்க அலறின. செங்கமலம் பதறிக்கொண்டு ஓடினாள்.

“அபராதம் கட்டியாச்சுக்கா!” என்று ஏகாம்பரம் கிளையிலிருந்தே கையாட்டினான். “காசு குடுத்து வாங்கின சத்தம். இனிமே எவன் கேக்க முடியும்?”

அன்று சாயங்காலம் மின்மினிகள் எரிந்தன. மறுநாள் யானை வந்தது. தெருவே தொட்டி தொட்டியாக நிரப்பிக்கொண்டு ஏகாம்பரத்தை வாழ்த்தியது. ஆணையர் நரியார் அவனைத் தேடி வந்து கைகுலுக்கினார். செங்கமலம் மட்டும் சிலிர்த்த முள்ளோடு வளை வாசலில் நின்று அழுதாள்.

சில வாரத்தில் ஏகாம்பரத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பெட்டியை மூடிவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டான். தெரு அமைதியானது. அபராதம் நின்றது. விளக்கு அணைந்தது. யானை வரவில்லை. தொட்டிகள் காய்ந்தன. செங்கமலத்துக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பாலும் வற்றத் தொடங்கியது. இப்போது குட்டி தாராளமாக ஒட்டிப் படுத்தது. குடிக்கத்தான் ஒன்றும் இல்லை.

பக்கத்து வளைப் பெருச்சாளி வந்து கேட்டாள்: “ஏன்டியம்மா, சத்தம் வேண்டாம்னு ஊரைக் கூட்டிச் சொன்னியே, நல்லாயிருக்கா இப்போ?”

நகர்மன்றம் அவசரமாகக் கூடியது. நரியார் தீர்மானத்தை வாசித்தார். இனி ஒவ்வொரு வீடும் முறை வைத்துச் சத்தம் போட வேண்டும். போட்டதற்கு அபராதம் கட்ட வேண்டும். கட்டியதில் எல்லோருக்கும் தண்ணீர் வரும். முதல் முறை செங்கமலம் வீட்டுக்கு.

“எனக்கேன் முதல்ல?” என்றாள் அவள்.

“சத்தம்னா என்னன்னு இந்த ஊரிலேயே உங்களுக்குத்தாம்மா நல்லாத் தெரியும்” என்றார் நரியார், மிகுந்த மரியாதையோடு.

எதிர் மரத்திலிருந்து மைக்கைக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள். செங்கமலம் முதலில், “ஹலோ” என்றாள். குட்டியின் ஒட்டிய வயிற்றைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். ஏகாம்பரத்தைத் திட்டினாள். கரடியாரைத் திட்டினாள். நரியாரைப் பரம்பரையோடு சேர்த்துத் திட்டினாள். பெருச்சாளியின் வாயைப் பற்றியும் நாலு வார்த்தை சொன்னாள். காடு கிடுகிடுத்தது. திட்டு வாங்கிய கரடியார், “இது மூன்று கூடைக்குத் தாங்கும்!” என்று பூரித்துப்போனார்.

நடுவில் மூச்சு வாங்க நின்றபோதுதான் அவள் கவனித்தாள். ஒரு முள்கூடச் சிலிர்க்கவில்லை. எல்லாம் எண்ணெய் தேய்த்து வாரிய தலைமுடி போலப் படிந்து கிடந்தன. குட்டி விலாவை ஒட்டிப் படுத்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் யானை வரும் ஓசை கேட்டது.

அடுத்த தேர்தலில் செங்கமலம் வார்டு உறுப்பினர் ஆனாள்.

பதவியேற்ற மறுவாரம், விளாமரத் தெருவிலிருந்து ஓர் அழுங்கு, அதாவது திடுக்கிட்டால் சுருண்டுகொள்ளும் எறும்புதின்னி, வந்தது. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“அம்மா, உங்க தெரு மைக் சத்தம் எங்க தெரு வரைக்கும் வருதும்மா. ராப்பகலா சுருண்டே கிடக்கேன். நிமிரவே முடியலை.”

செங்கமலத்துக்கு மனசு உருகிவிட்டது. அழுங்கின் செதிலைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கஷ்டம் அவளைவிட யாருக்குத் தெரியும்?

“உங்க தெருவுல தண்ணி வருதாண்ணே?” என்று கேட்டாள்.

“எங்கேம்மா! விளக்கும் இல்லை, தண்ணியும் இல்லை.”

“அடப்பாவமே. இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?” என்று சொல்லி, விளாமரத் தெருவுக்கு இரண்டு பெட்டியும் ஒரு மைக்கும் அங்கேயே அனுமதித்தாள்.

நீதி: அடுத்தவர் போட்டால் அது சத்தம், நாம் போட்டால் அது நகர வளர்ச்சி.