வலது காலில் சுளுக்கு, இடது காலில் கட்டு

"சனிக்கிழமை அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன். இது சத்தியம்!"

தவசிமுத்து முழங்கினான். அடுக்களைக்குள்ளிருந்து பதில் வந்தது.

"உங்களைப் படுக்கச் சொல்லி யாரும் கூப்பிடல. நின்னு பத்து நிமிசம் பேசினாப் போதும்."

அந்த வீட்டில் எல்லாச் சண்டையும் இப்படித்தான். அவன் மூச்சைப் பிடித்து அரை மணி நேரம் வளர்ப்பான். மனைவி செல்லக்கனி ஒரே வரியில் முடித்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விடுவாள்.

சங்கதி இதுதான். எண்பத்தேழாம் வருஷம், காலாண்டு லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்கு, மூன்றாம் வகுப்புப் படிக்கிற மகள் அழகுத்தாய் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மழைக்காலத்துக்கு முன்னால் தலைமையாசிரியை ஏசம்மாள் டீச்சர் வீட்டுக்கு வீடு அனுப்புகிற சேதித்தாள் அது. சைக்ளோஸ்டைல் மை இன்னும் கையில் ஒட்டியது. தவசிமுத்து கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ராகத்தோடு வாசித்தான்.

மழை வருகிறது, குடை இல்லாத பிள்ளைகளுக்குச் சாக்கைக் கொங்காணியாக மடித்துக் கொடுத்துவிடவும். ரேங்க் கார்டில் பெற்றோர் கையெழுத்துப் போடவும். பிள்ளைகள் போட்ட கையெழுத்து எங்களுக்குத் தெரியும். பள்ளித் தோட்டத்துக்கு வீட்டுக்கு ஒரு பிடி கீரை விதை தரவும். நாலாவது சேதியில் ராகம் நின்றுபோனது.

"வருகிற பதினேழாம் தேதி சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குக் குடும்ப விழா. தகப்பனார்கள் மூவர் மேடையேறித் தங்கள் தொழிலைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். திரு. நேசையன், தையல். திரு. காளிராஜ், பால்கோவா. திரு. தவசிமுத்து, பேண்டேஜ் துணி."

"எம் பேரை யாரு குடுத்தது?"

"நாந்தான்ப்பா," என்றாள் அழகுத்தாய். "காளிராஜ் மாமா மக சொன்னா, உங்க அப்பாவுக்கு மேடையில பேச்சே வராதாமேன்னு. நான் விடுவனா? வரும்ட்டி, சனிக்கிழமை வந்து பாருன்னுட்டேன்."

தவசிமுத்து தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் செருகினான்.

காளிராஜ் மகள் சொன்னதில் பொய் இல்லை. காளிராஜும் அவனும் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். ஐந்தாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை சொல்லத் தவசிமுத்துவை மேடையேற்றினார்கள். ஏறினான். கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் அவனைப் பார்த்தது. காலண்டரில் ஒரு தாள் கிழிக்கிற நேரம் அல்ல, ஒரு மாதத்தையே கிழிக்கிற நேரம் அப்படியே நின்றான். கடைசியில் கும்பிட்டு, "நன்றி, வணக்கம்" என்று சொல்லி இறங்கிவிட்டான். அன்றையிலிருந்து நாலு பேர் கூடின இடத்தில் அவன் வாய் திறப்பது கொட்டாவிக்கு மட்டும்தான். சத்திரப்பட்டித் தறிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷமாகப் பேண்டேஜ் துணி ஓட்டுகிறான். தறிச் சத்தத்தில் யாரும் பேச முடியாது என்பதுதான் அந்த வேலையில் அவனுக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் மகள் முகம்! மேடையேறி ஊமையாக நின்றால் அவள் மானம் போகும். போகாமலே இருந்தால் அதைவிட மோசம். போகவும் கூடாது, போகாததற்கு ஒருத்தரும் குறை சொல்லவும் கூடாது. அப்படி ஒரு வழியை அவன் நாலு நாள் யோசித்தான்.

புதன்கிழமை முதல் வழி பிறந்தது.

"ஏட்டி செல்லக்கனி, பெரிய தப்புப் பண்ணிட்டேன். புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை திருவண்ணாமலைக்கு வாரேன்னு பெருமாளுக்கு நேர்ந்திருந்தேன். மறந்தே போச்சு. அதுவும் பதினேழாம் தேதிதான் வருது. சாமி காரியம். டீச்சர்ட்ட சொல்லிரு."

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பெருமாள் மலையான திருவண்ணாமலையில் கடைசிச் சனிக்கிழமை என்றால் எள் போட்டால் எள் விழாது. வரிசையில் நின்று சாமி பார்த்து வர மத்தியானம் ஆகும். அவன் கணக்கு அதுதான்.

"எப்ப நேர்ந்தீய?"

"அது... மார்கழியில."

"மார்கழியிலயே புரட்டாசிக்கு நேர்ந்தீயளா! எம்புட்டு முன்யோசனை! நானும் வாரேன். முத பஸ்ஸுல போயிருவோம்."

"கூட்டமா இருக்கும்டி. உன்னால நிக்க முடியாது."

"எனக்கு அது பிறந்த ஊரு. நீங்க வாங்க."

தவசிமுத்துவுக்குச் சந்தேகம் தட்டியது. ஆகவே இரண்டாவது வழியையும் தயார் செய்தான். வெள்ளிக்கிழமை காலை ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது, சாப்பாட்டுத் தூக்குக்குள் ஒரு பேண்டேஜ் சுருளை வைத்துக் கொண்டுவந்தான். செல்லக்கனி தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, அதைப் பெருமாள் படத்துக்குப் பின்னால் ஒளித்தான். அங்கே யார் கை வைக்கப்போகிறார்கள்? நிம்மதியாகப் படுத்துத் தூங்கினான். செல்லக்கனி சாயங்காலம் குளித்து, வெள்ளிக்கிழமை வழக்கப்படி சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் துடைத்துப் பொட்டு வைத்து விளக்கேற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு சோலியாகப் போய்விட்டு வந்தாள். அப்போதும் அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை விடியுமுன்னே மலையடிவாரத்தில் நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் தவசிமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. வரிசை குளத்தைச் சுற்றி வளைந்து போனது. ஐந்தாறாயிரம் பேர் இருப்பார்கள். அவன் ஆசையோடு கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றான்.

"அங்க எங்க போறீய? இங்கிட்டு வாங்க!"

வரிசையை ஒழுங்கு பண்ணுகிற தொண்டர்களில் ஒருவன் செல்லக்கனியின் அத்தை மகன். "வாங்க மச்சான், புரட்டாசிச் சனிக்கு முத தடவையா வந்திருக்கீய, உங்களைப் போயி நிக்க விடுவனா?" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனான். ஆறே காலுக்குத் தவசிமுத்து சன்னதியில் நின்றான். பெருமாளும் கைவிட்டார்.

இனி இரண்டாவது வழிதான். இறங்கும்போது கடைசிப் படிக்கு வந்ததும், "ஐயோ, யம்மா!" என்று வலது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னாச்சுங்க?"

"பிசகிருச்சுட்டி. உசிரு போகுது. இனி ஒரு வாரத்துக்குத் தரையில கால் ஊன முடியாது."

"அடடா! ரொம்ப வலிக்கா?"

"மேடையெல்லாம் ஏறவே முடியாதுன்னா பாத்துக்கோயேன்."

செல்லக்கனி பதறவில்லை. தோளைக் கொடுத்தாள், பஸ்ஸில் சன்னலோரம் உட்காரவைத்தாள், எட்டரைக்கெல்லாம் வீடு கொண்டுவந்து சேர்த்தாள். அவள் காப்பி போடுகிற நேரத்தில் தவசிமுத்து நொண்டி நொண்டிப் பெருமாள் படத்துக்குப் போய், சுருளை உருவி, அவசர அவசரமாகக் காலில் சுற்றிக்கொண்டான். பன்னிரண்டு வருஷத் தொழில்காரன். கட்டு அச்சுப் போட்ட மாதிரி இருந்தது. தப்பு ஒன்றே ஒன்றுதான்.

செல்லக்கனி காப்பியை நீட்டியபடி கட்டைப் பார்த்தாள்.

"மலையில வலது காலைல்லா பிடிச்சீய?"

தவசிமுத்து குனிந்து பார்த்தான். கட்டு இடது காலில் இருந்தது.

"அது... வலி வலதுலருந்து இடதுக்கு எறங்கிருச்சு."

"எறங்கட்டும், எறங்கட்டும். நான் செத்த நேரத்துல டீச்சர்ட்ட சொல்லிட்டு வந்துருதேன். நீங்க அசையாதீய."

வாசலில் அழகுத்தாய் நின்றாள். ரெட்டைச் சடை போட்டு, கனகாம்பரம் வைத்து, புதுப் பாவாடை கட்டியிருந்தாள். அப்பாவின் கட்டையே பார்த்தாள். பிறகு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தெருவில் நடந்தாள். தவசிமுத்துவுக்குக் காப்பி இறங்கவில்லை. ஜெயித்தவன் முகம் இப்படியா இருக்கும் என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டான்.

பத்து மணிக்குச் செல்லக்கனி திரும்பி வந்தாள். பின்னாலேயே தெருப் பழக்காரன் கருத்தையா வாழைப்பழத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டியில் பழம் இல்லை. ஒரு தலையணை இருந்தது.

"ஏறுங்க," என்றாள் செல்லக்கனி.

"எதுக்கு?"

"டீச்சர்ட்ட சொல்லிட்டேன். பேச வேண்டாமாம். வாயவே திறக்க வேண்டாமாம். முதலுதவி பாடம் நடத்தணுமாம், அடிபட்ட கால் ஒண்ணு வேணுமாம். சும்மா காலை நீட்டிட்டு உக்காந்தாப் போதும்னுட்டாவ."

"வாயே திறக்க வேண்டாமா?"

"கொட்டாவிகூட விட வேண்டாம்."

இதைவிட என்ன வேண்டும்? மகளுக்கு அப்பா வந்த மாதிரியும் ஆச்சு, வாய் திறக்காத மாதிரியும் ஆச்சு. தவசிமுத்து தலையணையில் சாய்ந்தான். உற்சவமூர்த்தி புறப்பட்ட மாதிரி வண்டி தெருவில் உருண்டது. "அண்ணாச்சிக்கு என்ன ஆச்சு?" என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். "பழம் என்ன விலை?" என்று ஒரு அம்மாள் கேட்டதுதான் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஒட்டிப் போட்டதுதான் மேடை. நேசையன் டேப்பை எடுத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மார்பளவு எடுத்துக் கைதட்டு வாங்கினான். காளிராஜ் மூன்று வாக்கியம் பேசினான். நாலாவதாக ஒரு டின் பால்கோவாவைத் திறந்தான். கைதட்டில் ஓடு பெயர்ந்தது. அவன் தவசிமுத்துவைத் தாண்டிப் போகும்போது, "ஏலே, இந்தத் தடவை நன்றியாவது சொல்லுவியா?" என்று கேட்டுச் சிரித்தான். அழகுத்தாய் காதில் அது விழுந்தது. அவள் பால்கோவாவைத் தொடவே இல்லை.

"வாங்க அழகுத்தாய் அப்பா," என்று மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியைக் காட்டினார் ஏசம்மாள் டீச்சர். "காலை மட்டும் நீட்டுங்க. பிள்ளைகளா, இப்ப பழைய கட்டைப் பிரிச்சுப் புதுசாக் கட்டணும். யாரு வாரீங்க?"

காளிராஜ் மகள்தான் முதலில் ஓடிவந்தாள். கட்டைப் பிரித்தாள். ஓரத்தைப் பிடித்துச் சேலை உதறுகிற மாதிரி ஒரு இழு இழுத்தாள். நூல் கழன்று தொங்கியது. தவசிமுத்து பல்லைக் கடித்தான். அவள் முழங்காலிலிருந்து கீழ்நோக்கிச் சுற்ற ஆரம்பித்தாள். விரலையெல்லாம் மூடி முடிச்சும் போட்டாள். கொழுக்கட்டைக்குத் துணி கட்டினாற்போல இருந்தது கால். அடுத்த பையன் வந்து துணியைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"டீச்சர், இது ஓட்டைத் துணி! ஊடால வெளிச்சம் தெரியுது. மட்டமான துணி டீச்சர்!"

அவ்வளவுதான்.

"எவம்லே மட்டம்னு சொன்னது?" தவசிமுத்து நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "ஓட்டையா இது? கண்ணு விட்டு நெய்யது! காத்துப் போகாட்டிப் புண்ணு ஆறுமாலே? இந்தக் கண்ணு ஒண்ணு கூடினாலும் தப்பு, ஒண்ணு குறைஞ்சாலும் தப்பு. ஏட்டி, நீ இங்க வா. கட்டுன்னா கீழருந்து மேல போகணும். ஒரு சுத்து மேல அடுத்த சுத்து பாதி ஏறணும். விரலை வெளிய விட்டாத்தான் ரத்தம் ஓடுதான்னு தெரியும். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வந்து எங்க தறிக்கூடத்துலயே சொல்லிக்குடுத்தாவ."

கட்டைப் பிரித்தான், கட்டினான். பெஞ்சின் மேல் ஏறினான். நெட்டு நூலான பாவு எது, குறுக்கு நூலான ஊடை எது என்று பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, நடுவில் அழகுத்தாயை நூல் கொண்டு ஓடுகிற நாடாவாக ஓடவிட்டுக் காட்டினான். "தறி எப்படிச் சத்தம் போடும்? எல்லாரும் காலைத் தட்டுங்க பாப்போம்!" இருநூறு பிள்ளைகள் தடக்குத் தடக்கென்று தட்டினார்கள். "உங்கள்ல எவனாவது சைக்கிள்லருந்து விழுந்து முட்டி பேந்து ஆஸ்பத்திரிக்குப் போனா, அங்க இந்த ராஜபாளையத்துப் பக்கத்துத் துணிதான் உங்களைக் கட்டிப்பிடிக்கும், தெரிஞ்சுக்கோங்க!" பத்து நிமிஷம் கேட்ட டீச்சரால் முப்பத்தைந்தாவது நிமிஷம் மணியடித்துத்தான் நிறுத்த முடிந்தது.

கைதட்டு எழுந்தது. அழகுத்தாய் மட்டும் தட்டவில்லை. அவள் காளிராஜ் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், காது வரைக்கும் சிரிப்போடு. பிறகு காளிராஜே வந்தான். "ஏலே தவசி, இம்புட்டு நாளா இதையெல்லாம் எங்கல வச்சிருந்த?" என்று கேட்டுவிட்டு, டின்னில் மிச்சமிருந்த பால்கோவாவை வழித்து அழகுத்தாய் கையில் வைத்தான்.

தவசிமுத்து மகளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ராஜநடை நடந்தான். அவள் அவன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், "எங்க அப்பா! எங்க அப்பா!" என்றாள்.

கேட்டுக்கு வெளியே செல்லக்கனி சீரக மிட்டாய் வாங்கிக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்ததும்தான் அவனுக்குக் கால் ஞாபகம் வந்தது. மகளை இறக்கிவிட்டான். வலதா இடதா என்று ஒரு விநாடி யோசித்து, எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு காலையும் நொண்டினான்.

"யம்மா... பேச்சு மும்முரத்துல வலி தெரியல பாத்துக்கோ. ஏலே கருத்தையா! வண்டியைக் கொண்டா, வீட்டுக்குப் போகணும்."

கருத்தையா பழத்தாரை வண்டியில் அடுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தான்.

"பழம் ஏத்திட்டனே அண்ணாச்சி! போறதுக்கு மட்டும் வண்டி வந்தாப் போதும், வரும்போது அவிய நடந்தே வந்துருவாவன்னு மதினி நேத்து சாயங்காலமே சொல்லிட்டாவளே!"