சிம்சோனின் டோப்பா

உயிர் போனாலும் போகட்டும், முடி போகக் கூடாது என்று சபதம் எடுத்தேன். லேசான முடியா அது? இடுப்பில் வந்து விழும். 1986-இல் அனாஹெய்ம் நகர வட்டாரத்திலேயே எங்கள் இசைக்குழுவுக்குத்தான் மவுசு. பெயர், 'கோலியாத்துக்குத் தலைவலி'. எங்கள் ஹெவி மெட்டல் ராக் இசையைக் கேட்டு வாலிபர்கள் காது அடைத்து, இருதயம் திறந்து, கர்த்தரிடம் வந்துகொண்டிருந்தார்கள். பாடகன் நான்தான்.

சனிக்கிழமை என் மாமனாரின் சபை மண்டபத்தில் கச்சேரி. ஐந்நூறு பேர் வருவதாக இருந்தது. அங்கேதான் மாமனார், பாஸ்டர் வெண்டல், குறுக்கே விழுந்தார்.

"மாப்ள, சத்தம் போடுங்க, பொறுத்துக்கறேன். ஆனா ஆம்பளைக்கு நீள முடி அவமானம்னு பைபிள்ல பவுல் சொல்லியிருக்கார். வெட்டிட்டு வந்தாத்தான் மண்டபம்."

வீட்டுக்கு வந்து என் மனைவி லோர்னாவிடம் குமுறினேன். அவள் முடிதிருத்தும் கடை வைத்திருப்பவள்.

"பைபிள்ல சிம்சோனுக்கு முடியிலதான்டி பலமே!"

"அதை வெட்ட வெச்சது அவன் காதலிதான்னு ஞாபகம் இருக்கா?" என்று கத்தரிக்கோலை ஆட்டினாள்.

என் மூளை வேலை செய்தது. அவள் கடையில் பொம்மைத் தலையில் இருந்த குட்டை டோப்பாவை அவளுக்குத் தெரியாமல் கிளப்பினேன். என் முடியைச் சுருட்டி, நாற்பது கொண்டை ஊசி குத்தி, மேலே டோப்பா. மேடை ஏறியதும் கழற்றிவிட வேண்டியது. ஐந்நூறு பேர் முன்னால் மாமனார் என்ன செய்துவிடுவார்?

வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு; லோர்னா முன்பே போயிருந்தாள். என்னைக் கண்டதும் மனிதர் கண்கலங்கிவிட்டார்.

"அல்லேலூயா! மண்டபம் உங்களுக்குத்தான் மாப்ள!"

லோர்னா என் தலையை மூன்று விநாடி உற்றுப் பார்த்தாள். பிறகு மசித்த உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்தபடி ஆரம்பித்தாள்.

"அப்பா, இவரு தியாகத்தைப் பாத்தீங்களா? முடியோட மேடையையும் விட்டுட்டாரு."

"மேடையையா? நான் எப்போ..."

"பின்னே? பேங்க் கிளார்க் தலையோட ஹெவி மெட்டல் பாடினா சனங்க சிரிக்க மாட்டாங்க?"

"அப்போ யாரும்மா பாடறது?" என்றார் மாமனார்.

"நான்தான். குளிக்கிற ரூம்ல இவரு கத்திக் கத்தி எல்லாப் பாட்டும் எனக்கு மனப்பாடம். பொம்பளைக்கு நீள முடி மகிமைன்னு அதே பவுல்தானே சொல்லியிருக்கார்?"

"சொல்லியிருக்கார்!" மாமனார் மேசையைத் தட்டினார்.

வாயைத் திறந்தால் டோப்பாவையும் திறக்க வேண்டும். உருளைக்கிழங்கைத் தின்றேன்.

சனிக்கிழமை, என்னுடைய பளபளக்கும் சிவப்புக் கால்சட்டையில் லோர்னா மேடையேறினாள். முடியை ஒரு சிலுப்பு சிலுப்பினாள். அலறினாள் பாருங்கள், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. வாலிபர்கள் நாற்காலிமேல் ஏறிக் குதித்தார்கள். அறுபது பேர் அழுதுகொண்டே ஜெபிக்க முன்னால் வந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, பொறாமையோடு பெருமையும் சேர்ந்து எனக்கே புல்லரித்தது.

நான் மாமனார் பக்கத்தில், வேர்க்க விறுவிறுக்க டோப்பாவோடு நின்றிருந்தேன். கடைசிப் பாட்டு முடிந்ததும், எங்கள் வழக்கப்படி, அவள் கூட்டத்துக்குள் புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களை வீசினாள். ஒன்று குறிபார்த்து என் நெற்றியில் விழுந்தது. நெற்றியில் தாவீதின் கல் பட்ட கோலியாத்தின் தலைவலி எப்படியிருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. டோப்பா பறந்தது. ஊசிகள் தெறித்தன. முடி இடுப்புவரை சரிந்தது. மேடையில் லோர்னா கண்ணடித்தாள்.

மாமனார் குனிந்து டோப்பாவை எடுத்தார். தூசு தட்டினார். என் முடியைச் சுருட்டி உள்ளே தள்ளி, அவரே பத்திரமாக மாட்டிவிட்டார்.

"போட்டுக்கிட்டே இருங்க மாப்ள. கழட்டினா மறுபடியும் நீங்கல்ல பாடுவீங்க!"