ஆறு பழுப்பு பாட்டில்களும் மாப்பிள்ளையின் மலைவண்டியும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உங்கள் மனைவியும் அப்படியே. நீங்கள் விட்டுவிட்டுப் போன பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர மலைவண்டி மட்டும் ஷெட்டில் வெறும் வயிற்றோடு பத்தியம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் பேசலாம்தான். ஆனால் நான் போனை எடுத்தாலே உங்கள் மனைவி பக்கத்தில் வந்து நிற்கிறாள். ஆகையால் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் தயவுசெய்து அவளிடம் காட்ட வேண்டாம்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். கால்நடை மருத்துவமனையில் அவளுக்குத் திங்கட்கிழமை முதல் மலைப்பண்ணைகள் கொடுத்திருக்கிறார்கள். சொந்த வண்டி இருந்தால் மலை, இல்லாவிட்டால் அலுவலகத்தில் ஒரு நாற்காலி என்று பெரிய டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம். இவளுக்கோ மலைதான் வேண்டும். வண்டிக்கு இன்ஜின், முன்பக்கம், பின்பக்கம் என்று மூன்று இடத்திலும் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னதும், "நீ போய் உன் மாட்டைப் பாரும்மா, இதை அப்பா பாத்துக்கறேன்" என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுத்தவன். ஒரு வண்டிக்கு மூன்று எண்ணெய் கொடுக்கத் தெரியாதா?

தெரியவில்லை, மாப்பிள்ளை. முதலில் கடையில் போய், "நல்ல எண்ணெயா ஒண்ணு குடுங்க, மூணுத்துக்கும் அதையே ஊத்திக்கறேன்" என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பக்கத்துப் பட்டறையிலிருந்த மெக்கானிக்கை ஒரு கூப்பிடு கூப்பிட்டார். "இவர் சொல்றத வந்து கேளு!" அந்த மெக்கானிக்கை எல்லோரும் 'புகை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வண்டி விடுகிற புகையின் வாசனையை வைத்தே வியாதியைச் சொல்லிவிடுவாராம். அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "சார், கார் ஆயிலையும் ஊத்திடாதீங்க. இந்த வண்டியில கிளட்ச்சும் இன்ஜின் ஆயில்லதான் குளிக்குது. கார் ஆயில்ல வழுக்கறதுக்குன்னே ஒரு மருந்து சேத்திருப்பான். அத ஊத்துனா கிளட்ச் பிடிக்காது. இன்ஜின் அலறும், வண்டி நகராது" என்றார். மருந்து என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் அங்கேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வராததற்கு உங்கள் அத்தை இன்னும் பேசுகிறாள்.

அவரிடம் கேட்டதில் பாதி ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது. டப்பாவில் பத்து, டபிள்யூ, நாற்பது என்று போட்டிருக்கிறதே, அந்தப் பத்து எண்ணெய் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, நாற்பது சூட்டில் எப்படி ஓடும் என்பதற்கு. ஒரே எண்ணெய்க்கு இரண்டு குணம்! பின்பக்க டிஃபரன்ஷியலுக்கு, அதாவது சக்கரங்களைச் சுற்றவைக்கும் பல்சக்கரப் பெட்டிக்கு, தொண்ணூறு என்று போட்ட கியர் ஆயில். முன்பக்கத்துக்கு அதுவும் ஆகாது. அங்கே உள்ளே சின்னச் சின்ன வட்டத் தகடுகள் இருக்கிறதாம். சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றும்போது அவை ஒன்றையொன்று பிடித்து மற்ற சக்கரத்தையும் இழுக்க வைக்குமாம். எண்ணெய் மாறினால் பிடி போய்விடும். வண்டியோடு வந்த புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. எங்கே பிடி போகும்? ஏற்றத்தில்தான் போகும். யார் உட்கார்ந்திருப்பார்கள்? சொல்லவே வேண்டாம்.

மூன்றையும் வாங்கிவந்தேன். இங்கேதான், மாப்பிள்ளை, உங்கள் மாமனாரின் கை சும்மா இருக்கவில்லை. கம்பெனி டப்பாவிலிருந்து அப்படியே எடுத்துக் கொடுப்பதை நான் என்றைக்கும் மருந்தாளுநர் வேலையாக மதித்ததில்லை. அளந்து, பாட்டிலில் ஊற்றி, மூடி, லேபிள் ஒட்டினால்தான் எனக்கு மனசு ஆறும். பரணில் பழைய அரை லிட்டர் பழுப்பு பாட்டில்கள் கிடந்தன. ஆறு பாட்டிலில் பிரித்து ஊற்றி, மைப் பேனாவால் அழகாக 'இன்ஜின்', 'முன்', 'பின்' என்றும் 'குலுக்கியபின் உபயோகிக்கவும்' என்றும் எழுதி ஒட்டினேன். காலி டப்பாக்களைக் குப்பை வண்டியில் போட்டேன். பிறகு பாட்டில்கள் பளபளப்பாக இருக்கட்டுமே என்று துணியால் துடைத்தேன். அது ஈரத் துணி. மை ஊறி, ஓடி, ஆறு லேபிளும் ஒரே நீலம். உங்கள் அத்தை எட்டிப் பார்த்து, "ஏங்க, ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் குடுத்தீங்களா?" என்று கேட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் நடப்பதே வேறு.

ஆனால் மாப்பிள்ளை, அதற்கப்புறம் நடந்ததுதான் சுவாரசியம். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து முகர்ந்தேன். ஒரு பாட்டிலில் மூக்கைத் துளைக்கிற கந்தக வாடை! நாங்கள் சொறிக்குக் கலந்து கொடுப்போமே களிம்பு, அதே வாடை. பல்லும் பல்லும் நசுக்கிக்கொள்ளும் இடத்தில் இரும்பைக் காப்பாற்றுவதற்குக் கியர் ஆயிலில் கந்தகம் சேர்க்கிறார்கள் என்று புகை சொல்லியிருந்தார். ஆக அது பின்பக்கம். மனுஷன் தோலுக்கும் வண்டியின் பல்லுக்கும் ஒரே சரக்கு என்றால் ஆச்சரியமாக இல்லையா? "யாருக்குங்க சொறி?" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

அடுத்து, மருந்து சொட்டு விடுகிற கண்ணாடிக் குழாயை எடுத்து, எண்ணெய்களை வெந்நீரில் சூடுபடுத்தி, இருபது சொட்டு விழ எத்தனை விநாடி என்று பார்த்தேன். தொண்ணூறு என்று போட்ட எண்ணெய் பாகு மாதிரி நிற்கும் என்று நினைத்தேன். இல்லை! சூட்டில் அது மற்ற பாட்டில்களின் எண்ணெயைவிடக் கொஞ்சம்தான் பின்தங்கியது. எனக்குத் தலை சுற்றியது. மறுபடி பட்டறைக்கு ஓடினேன். புகை சிரித்துவிட்டார். "இதுக்கு ஒரு அளவு, அதுக்கு வேற அளவு சார். செருப்பு நம்பரும் சட்டை நம்பரும் ஒண்ணா?" என்றார். எவ்வளவு நியாயமான பேச்சு! பழைய எண்ணெயை வடிப்பதற்கு முன்னால், புதியது ஊற்றுகிற மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் அவர்தான் சொன்னார். வடித்த பிறகு மேல் மூடி அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே உட்கார்ந்துவிடுமாம். இந்த வயதில் எனக்கு இவ்வளவு தெரியாமல் இருந்திருக்கிறதே என்று ஒரே வியப்பாக இருக்கிறது.

இப்போது நிலவரம் இதுதான். பழைய எண்ணெயை மூன்று இடத்திலும் வடித்தாயிற்று. பின்பக்க எண்ணெய் எதுவென்று தெரியும். மிச்ச பாட்டில்களில் இன்ஜினுக்கு எது, முன்பக்கத்துக்கு எது என்பதில் சந்தேகம் தீரவில்லை. நிறமும் ஒன்று போலத்தான் இருக்கிறது. தினமும் காலையில் அவள் கிளம்பும்போது, "அப்பா, வண்டி?" என்கிறாள். "சோதனை நடக்குதும்மா" என்கிறேன். இன்று சனிக்கிழமை. ஆகவே நீங்கள் அவளுக்கு ஒரு வரி எழுதவேண்டும்: நான் வந்து பார்க்கும்வரை வண்டியை எடுக்காதே, இப்போதைக்கு நாற்காலியே போதும் என்று. வண்டி உங்களுடையது. நீங்கள் சொன்னால் கேட்பாள். மலைப்பாதையை நான் போய்ப் பார்த்தேன், மாப்பிள்ளை. மூன்றாவது வளைவில் ஒரு பக்கம் தடுப்பே இல்லை.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெளியில் கண்டதைத் தின்னாதீர்கள். நீங்களும் அவளும் எல்லா வளமும் பெற்று, நூறு வயது குறையில்லாமல் இருக்க மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு. ஞாயிற்றுக்கிழமை மாலை. இந்தக் கடிதத்தைப் படம் பிடிப்பதற்குள் சில காரியங்கள் நடந்துவிட்டன. ஆகவே அவளுக்கு நீங்கள் ஒன்றும் எழுதவேண்டாம். எண்ணெய் எது என்பது எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். இன்ஜினுக்கு இரண்டு லிட்டர், நாலு பாட்டில். முன்பக்கத்துக்குக் கால் லிட்டர் சொச்சம், ஒரே பாட்டில், அதுவும் பாதி. இதைக் கண்டுபிடிக்க மருந்தாளுநர் வேண்டுமா? உங்கள் அத்தையே போதும், அவள்தான் சொன்னாள். அன்றைக்கே மூன்று இடத்திலும் அளந்து ஊற்றிவிட்டேன். முகர்ந்ததும் சொட்டு எண்ணியதும் நிஜம். சந்தேகம்தான் பொய்.

இன்று காலை மலைப்பண்ணையிலிருந்து போன். ஒரு பசுவுக்கு ஈனும் நேரத்தில் கன்று குறுக்கே நின்றுவிட்டதாம். பெரிய டாக்டர் ஊரில் இல்லை. இவள் பையை எடுத்துக்கொண்டு, நடந்தே போவதற்குப் படியிறங்கிவிட்டாள். நான் சாவியை நீட்டினேன். "ஊத்தியாச்சும்மா. செவ்வாக்கிழமையே" என்றேன். தலை நிமிரவில்லை எனக்கு.

"தெரியும்பா. புதன்கிழமை நான் ஆயில் அளக்கற டிப்ஸ்டிக்க எடுத்துப் பாத்துட்டேன்."

"அப்ப ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"நீங்களே குடுப்பீங்கன்னுதான்" என்றாள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் வளைவுவரை சத்தம் கேட்டது, இரண்டாவதுவரை கேட்டது, பிறகு கேட்கவில்லை. மூன்று மணி நேரம் நான் வாசலை விட்டு நகரவில்லை. ஒரு மணிக்கு, தலை முதல் கால்வரை சேறும் சிரிப்புமாக வந்து இறங்கினாள். தாயும் கன்றும் நலமாம். "அந்தச் சேத்துல முன்சக்கரம் என்னமா இழுத்துது தெரியுமாப்பா!" என்றாள். "இரு, எங்கயாவது ஒழுகுதான்னு பாக்கறேன்" என்று வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தேன். முழங்கால் இரண்டும் சரி, முழங்கை இரண்டும் சரி, நெற்றியில் மட்டும் ஒரு சின்னக் கீறல், அதுவும் பசு செய்ததாம்.