முடிவைச் சொன்னால் சுவாரசியம் போய்விடும்

புத்தகம் படிப்பவர்கள் ஒரு சாதி, படிக்காதவர்கள் இன்னொரு சாதி என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு இன்னும் அனுபவம் போதாது. இந்த இரண்டிலும் சேராத, ஆனால் இரண்டு கூட்டத்திலும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நடமாடுகிற மூன்றாவது சாதி ஒன்று உண்டு. இவர்கள் புத்தகங்களைக் கண்டுபிடிப்பவர்கள். படிப்பது யார் வேண்டுமானாலும் செய்யலாம். கண்ணும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். கண்டுபிடிப்பது லேசுப்பட்ட காரியமா?

இந்தச் சாதிக்காரரை நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. அவரே வருவார். மின்தூக்கியில் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில், பல் பிடுங்கக் காத்திருக்கும் வரிசையில், முடி வெட்டுகிற நாற்காலியில் நீங்கள் முகமெல்லாம் நுரையோடு ஓட வழியில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் முழங்கையை யாரோ பிடிப்பார்கள். பிடித்த பிடியிலேயே தெரிந்துவிடும். "இந்த மாதிரி ஒண்ணு நீங்க படிச்சே இருக்க மாட்டீங்க" என்பார். உண்மைதான். அவரும் படித்திருக்க மாட்டார்.

அவர் அட்டையைப் படித்திருப்பார். பின்னட்டையை இரண்டு முறை படித்திருப்பார். புத்தகத்தைப் பிரித்து, மூக்கை உள்ளே விட்டு, கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்திருப்பார். அதற்குப் பிறகு முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று குதிரைப் பாய்ச்சலில் போய், ஒன்பதாம் பக்கத்துக்கும் பதினொன்றாம் பக்கத்துக்கும் இடையில் எங்கேயோ ஒரு பழைய பேருந்துச் சீட்டைச் செருகி வைத்துவிட்டு, இவ்வளவு நல்ல விஷயத்தை நாலு பேருக்குச் சொல்லாமல் எப்படி இருப்பது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். தமிழில் மூன்று காலங்கள் உண்டு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் அல்லவா? இவருக்கு ஒன்றுதான். "படிச்சிட்டிருக்கேன்." போன வருஷம் கேட்டாலும் அதுதான், அடுத்த வருஷம் கேட்டாலும் அதுதான்.

"கடைசியில் என்ன ஆகிறது?" என்று நீங்கள் கேட்டு மடக்கப் பார்க்கலாம். நடக்காது. அதற்கென்றே ஒரு கேடயம் வைத்திருக்கிறார். முகத்தில் ஒரு கருணையை வரவழைத்துக்கொண்டு, "முடிவைச் சொன்னா சுவாரசியம் போயிடும்" என்பார். அடடா, நம் சுவாரசியத்தின் மேல் எவ்வளவு அக்கறை என்று நாமும் வீட்டுக்கு வந்துவிடுவோம்.

இதெல்லாம் இவ்வளவு கச்சிதமாக உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? என் அக்காவை இப்படி ஒருவருக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அத்தான் தங்கமான மனிதர். ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை பரிசோதிக்கிற வேலை. சுவரில் எழுத்துப் பலகையை மாட்டிவிட்டு, காலையிலிருந்து மாலை வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "கீழே போங்க, இன்னும் கீழே, கடைசி வரியைப் படிங்க" என்று விடாமல் வற்புறுத்துவதுதான் அவருடைய பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் அந்த வற்புறுத்தல் அவரிடம் செல்லுபடியாகாது.

அவருக்கு இன்ன ரகம்தான் பிடிக்கும் என்று ஒரு கட்டுப்பாடு கிடையாது. ஒரு மாதம் பேய்க்கதை. நடைபாதை விளக்கை யாரும் அணைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அடுத்த மாதம் துப்பறியும் கதை. மாடி வீட்டுப் பல் மருத்துவர் ஏன் இடது காலைச் சற்று இழுத்து நடக்கிறார் என்று என்னைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார். பிறகு எரிமலைகள், பிறகு சதுரங்கம், பிறகு ஒரு கலங்கரை விளக்கக் காவலரின் வாழ்க்கை வரலாறு, பிறகு வேற்றுக் கிரகத்து அரசியல், பிறகு பாய்மரக் கப்பல், பிறகு காளான். குளிர்பதனப் பெட்டியின் தலையில் பேய் உட்கார்ந்திருக்கும், பேயின் மேல் சதுரங்கம், சதுரங்கத்தின் மேல் எரிமலை. துவைக்கிற இயந்திரத்தின் மேல் ஒரு கப்பல் பாதி நனைந்து கிடக்கும். எல்லாவற்றிலும் ஒன்பதாம் பக்கத்தில் ஒரு பேருந்துச் சீட்டு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்.

இப்போது அக்காவைச் சொல்கிறேன். அக்காவுக்கு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்கள் எல்லோரும் வட்டமான ஓட்டைக்குள் முகத்தை வைத்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "முடிவு வந்துடுச்சா?" பதினான்கு வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு, எதையும் முடிவு தெரியாமல் விட முடியாத ஒரு வியாதி அவளுக்கு வந்துவிட்டது. அத்தான் ஒன்பதாம் பக்கத்தில் அம்போ என்று விட்டுவிட்டுப் போனதையெல்லாம் அவள் எடுத்து முடிப்பாள். இரத்தம் பிடித்த சோதனைக் குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தை ஓடவிட்டால், அது நிற்பதற்குள் நாலு பக்கம். சாப்பாட்டு நேரத்தில் பன்னிரண்டு பக்கம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருநூறு புத்தகத்துக்குக் குறையாமல் முடித்திருப்பாள். அவற்றில் ஒன்றின் முடிவுகூட அத்தானுக்குத் தெரியாது.

தெரியப்படுத்த அவள் முயலாமல் இல்லை. அந்தக் கலங்கரை விளக்கக் காவலரின் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு, அழுத கண்ணோடு வீட்டுக்கு வந்து வாயைத் திறந்தாள். அத்தான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "ஐயோ, முடிவைச் சொல்லிடாதே, நான் படிச்சிட்டிருக்கேன்" என்றார். இப்படி ஒவ்வொரு முடிவாக விழுங்கி விழுங்கி, இருநூறு முடிவுகளை வயிற்றில் சுமந்துகொண்டு அவள் நடமாடிக்கொண்டிருந்தாள். "அழுதா சேர்ந்து அழ ஆள் இல்லடா, சிரிச்சா சேர்ந்து சிரிக்க ஆள் இல்ல" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாகிவிட்டது. நானும் அவளுக்கு உதவ முடியாது. நான் மருந்துக் கடைக்காரன், மாத்திரை அட்டையின் பின்பக்கம் தவிர வேறு எதையும் படிப்பதில்லை.

கடைசியில் அத்தானிடம் அவள் ஒரே ஒரு வரம் கேட்டாள். ஒரு புத்தகம், எந்த ரகமானாலும் சரி, கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்க வேண்டும். படித்துவிட்டு அவளோடு உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். அத்தான் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். செய்த சூட்டோடு புத்தகம் தேட நூலகத்துக்கு ஓடினார்.

அங்கே கழித்துக் கட்டிய புத்தகங்களின் பெட்டியில் அட்டை கிழிந்துபோன ஒன்று கிடைத்தது. "பழைய ராணி, புதிய ராணி." முதல் வரியே ஆளைத் தூக்கிவிட்டது. ராணி தளர்ந்துவிட்டாளாம், அவளை என்ன செய்வது என்று வீடே கிசுகிசுக்கிறதாம், இளையவள் ஒருத்தி எங்கேயோ ரகசியமாக வளர்கிறாளாம். அத்தான் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடியேறினார். "அரண்மனைச் சதிடீ! சரித்திர நாவல்! இதை முடிக்காம விட மாட்டேன்!" ஒன்பது பக்கம் போனார். சீட்டைச் செருகினார். நாலு பேருக்குச் சொல்லக் கிளம்பினார்.

அக்கா அதை இரண்டே நாளில் முடித்தாள். முடித்துவிட்டு என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பேச முடியாமல் சிரித்தாள். அது தேனீ வளர்ப்புப் புத்தகம். எழுதியவர் கொஞ்சம் ரசனைக்காரர் போலிருக்கிறது. முதல் அத்தியாயத்தில் தேனீ என்ற சொல்லையே எழுதாமல் கதை விட்டிருக்கிறார். பன்னிரண்டாம் பக்கத்தில் தேனீப் பெட்டியின் படம் பெரிதாகப் போட்டிருக்கிறதாம். "மூணே பக்கம்டா. மூணு பக்கம் தாண்டினா அவருக்கே தெரிஞ்சிடும்" என்றாள். ஒவ்வொரு நாள் காலையும் போய்ச் சீட்டைப் பார்த்தாள். மூன்று வாரம் ஆனது. சீட்டு அசையவில்லை.

அசைந்தது அத்தான்தான். நூலகத்தின் மாடியில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகர் கூட்டம் நடக்கும். "பழைய ராணி, புதிய ராணி: அதிகாரமும் துரோகமும்" என்ற தலைப்பில் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்துவிட்டார்.

அக்காவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். அத்தான் இருபது நிமிஷம் பேசினார். என்ன பேச்சு! அரியணையின் தனிமை என்றார், அந்தப்புரத்தின் மௌனம் என்றார், அதிகாரம் மூப்படையும்போது விசுவாசம் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நானே கொஞ்சம் கலங்கிவிட்டேன். நான் கலங்கினால் பரவாயில்லை. முன்வரிசையில் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி எழுந்து, இந்த நாவலை அந்தக் காலத்திலேயே படித்ததாகவும், அதில் வரும் தளபதியை இன்றுவரை மறக்க முடியவில்லை என்றும் சொன்னார். மாடி வீட்டுப் பல் மருத்துவர், இளைய ராணி ஊருக்குள் நுழைகிற கட்டத்தில் தமக்குக் கண்ணீர் வந்துவிட்டது என்றார். தலைகள் ஆடின. அத்தானையும் அக்காவையும் தவிர அந்தச் சபையில் ஒருவர்கூட அந்தப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை.

முதல் முறையாகக் கூட்டத்துக்கு வந்த ஒரு பேருந்து நடத்துனர் அம்மா மட்டும் கை தூக்கினார். பாவம், உலகம் தெரியாதவர். "கடைசியில அந்தப் பழைய ராணிக்கு என்னங்க ஆச்சு?"

அத்தான் முகத்தில் கருணை வந்தது. "முடிவைச் சொன்னா சுவாரசியம் போயிடும்."

பக்கத்தில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நான் அக்காவின் கையைப் பிடித்து இழுப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"போகாதுங்க. நான் சொல்றேன்" என்றாள். "வேலைக்காரிங்க எல்லாம் அவளைச் சுத்தி வளைச்சு, உருண்டையா இறுக்கி, சூட்டுலயே கொன்னுடுவாங்க. அறுபத்து மூணாம் பக்கம்."

"சதி!" என்றார் தபால் அதிகாரி, தொடையைத் தட்டி.

"சதி இல்ல சார். தேனீ."

தபால் அதிகாரி மெதுவாக, "அப்போ தளபதி?" என்றார்.

"தளபதி யாரும் இல்ல. ஆண் தேனீ இருக்கு. சாப்பிட்டுட்டுச் சும்மா இருக்கும்."

முதலில் சிரித்தது நடத்துனர் அம்மா. அப்புறம் கூரை பறந்துவிட்டது. பல் மருத்துவர் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். இந்த முறை கண்ணீர் நிஜமாகவே வந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் யாரோ தயங்கித் தயங்கி, "அம்மா, உங்க வீட்டுக்காரர் சிபாரிசு பண்ணின அந்தப் பாய்மரக் கப்பல் புத்தகம்... கேப்டன் தப்பிச்சாரா?" என்று கேட்டார். தப்பித்தார், ஆனால் நாய் தப்பவில்லை என்றாள் அக்கா. பிறகு பிடித்துக்கொண்டது பாருங்கள்! சதுரங்கக்காரன் ஜெயித்தானா, பேய் உண்மையில் யார், வேற்றுக் கிரகத்துத் தேர்தல் என்ன ஆனது என்று ஆளாளுக்கு வருஷக்கணக்கில் ஒன்பதாம் பக்கத்தில் கட்டிப்போட்டிருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டார்கள். பரிசோதனை நிலையத்துத் தடுப்பின் முன்னால் நிற்பதுபோலவே வரிசை நின்றது. அக்கா ஒன்றரை மணி நேரம் முடிவு கொடுத்தாள். கல்யாணத்தன்றுகூட அவளை நான் அப்படிப் பூரித்துப் பார்த்ததில்லை.

மேடையில் அத்தான் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா முடிவு மேல் முடிவாகச் சொல்லிக்கொண்டே போனாள், அவர் காதைப் பொத்தவில்லை. வீடு திரும்பும் வழி நெடுக ஒரு வார்த்தை பேசாமல் நடந்து வந்தார். அத்தான் பேசாமல் வந்தால் எங்கள் குடும்பத்தில் அது அவசர நிலை.

மறுநாள் திங்கட்கிழமை, கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. காலையிலேயே சோபாவில் உட்கார்ந்து ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தார். அக்கா வேலைக்குக் கிளம்பாமல் கதவோரம் நின்றுவிட்டாள். பத்து. பதினொன்று. பன்னிரண்டு. பெட்டியின் படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்து, இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி படித்தார். மாலை நாலு மணிக்கு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"படிச்சேன்" என்றார்.

இரண்டு பேரும் அங்கேயே தரையில் உட்கார்ந்து பேசினார்களாம். தேனீ வளர்ப்பவர்கள் புது ராணியைச் சின்னக் கூண்டில் அடைத்து, வாசலைச் சர்க்கரைக் கட்டியால் மூடி வைப்பார்கள். மற்ற தேனீக்கள் அதைத் தின்று தீர்ப்பதற்குள் அவளுடைய வாசனை அவற்றுக்குப் பழகிப்போகும். கதவு கரைகிறபோது பகையும் கரைந்திருக்கும். "அந்தச் சர்க்கரைக் கதவைப் பத்தி மட்டும் அரை மணி நேரம் பேசினார்டா" என்று அக்கா தொலைபேசியில் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. என் குரலும் சரியாக இல்லை. மருந்துக் கடையில் நாலு பேர் பார்த்தார்கள்.

இங்கேயே நிறுத்திவிட ஆசைதான். ஆனால் இந்தச் சாதியை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கடை திறக்கும்போதே என் முழங்கையை யாரோ பிடித்தார்கள். "நீ ஒரு புத்தகத்தை முழுசாப் படிச்சிருக்கியா?" என்றார் அத்தான், கண்கள் ஜொலிக்க. "புது ரகம்டா! நீ பார்த்தே இருக்க மாட்டே. கடைசிப் பக்கம்னு ஒண்ணு வருது!" அன்றைக்கு அவர் கண் பரிசோதனைக்கு வந்தவர்களிடமெல்லாம் கடைசிப் பக்கத்தைச் சிபாரிசு செய்தார். தபால் அதிகாரியை வீடு தேடிப் போய்ச் சிபாரிசு செய்தார். புத்தகங்களைப் பாதியில் விடாமல் படிப்பது எப்படி என்று சொல்லித்தரவே தனியாகப் புத்தகங்கள் இருக்கின்றனவாம்; அவற்றில் ஐந்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். ஐந்தையும் அக்கா முடித்துவிட்டாள். ஒரே வித்தியாசம், இப்போது திங்கட்கிழமை தோறும் நாலு மணிக்கு அவள் முடிவைச் சொல்கிறாள், அவர் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறார். சில நாள் அழுகிறாராம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். "அப்படியே நம்ம சித்தப்பா" என்று நினைத்துக்கொண்டீர்கள். இதை உடனே அவருக்குக் கொடுக்க வேண்டும், படித்துவிட்டுத் திருந்தட்டும் என்று பாதியிலேயே உங்களுக்குக் கை பரபரத்திருக்கும். கொடுங்கள், தப்பே இல்லை. கொடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் உட்கார்ந்து, இதைப் படியுங்கள் என்று உங்கள் கையில் கொண்டுவந்து திணித்தவர் யார், அத்தனை பேர் இருக்க உங்களை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.