மச்சான் என்மேல் உட்காரும்போது

நாசரே மாதா துணை

பெலேம்,
செப்டம்பர் கடைசி

மரியாதைக்குரிய பெரிய மச்சான் ஓரிவால்டோ அவர்களுக்கு, தங்கள் தங்கை லுசிதேயாவின் வீட்டுக்காரன் அடமோர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். சாயங்கால மழை தவறுவதில்லை. அத்தைக்குக் கால்வலி தேவலை. சாந்தாரெமில் தாங்களும் தங்கள் தொந்தியும் சௌக்கியமா? தொந்தியை விசாரிக்கக் காரணம் இருக்கிறது.

வருஷாவருஷம் சிரியோ திருவிழா விருந்தில் வாத்துக்கறி முடிந்ததும், தாங்கள் என்னை முற்றத்தில் மல்லாத்தி, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, நான் தோற்றேன் என்று தரையைத் தட்டும்வரை பல் குத்துவது வழக்கம். சொந்தபந்தம் சிரிக்கும், நானும் சிரிப்பேன். போன வருஷம் என் பேத்தி ரயானி மட்டும் சிரிக்காமல், கீழே கிடந்த என்னைக் காட்டி, "தாத்தா எப்ப எந்திரிப்பாரு?" என்று கேட்டாள். அதிலிருந்து எனக்கு வாத்துக்கறியே இறங்குவதில்லை, மச்சான்.

ஆகவே ஜியு ஜிட்சு மல்யுத்தப் பள்ளியில் சேர்ந்தேன். ஒருத்தன் கழுத்தைப் பிடித்தால் நானும் கழுத்து, இன்னொருத்தன் கையை முறுக்கினால் நானும் கை என்று எல்லாத்தையும் அரைகுறையாகச் செய்து தினமும் அடிவாங்கினேன். ஆசிரியை ஜாசிரா உருவத்தில் என்னில் பாதிதான் இருப்பார். அவர் ஒருநாள் கூப்பிட்டு, "கடையில எல்லாத்தையும் தொட்டுப் பாத்துட்டு ஒண்ணும் வாங்காம போற ஆளு நீங்க. ஒண்ணே ஒண்ணு எடுங்க, எது வேணும்?" என்றார். மச்சானுக்கு அடியிலிருந்து எந்திரிக்கணும் என்றேன். அன்றிலிருந்து அது மட்டும்தான். மற்றவர்கள் நின்று தொடங்குவார்கள். நான் பாயில் படுத்துக்கொண்டு, யாராவது வந்து உட்காருங்கப்பா என்று கூப்பிடுவேன். பல் டாக்டர் உட்கார்ந்தார், மீன் கடைக்காரர் உட்கார்ந்தார். இடது முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்கவே ஒரு மாசம், இடுப்பை நழுவவிட இன்னொரு மாசம். வீட்டில் லுசிதேயா என்மேல் உட்கார்ந்துதான் டிவி நாடகம் பார்ப்பாள். மரவள்ளி மாவு கடன் கேட்டு வந்த பக்கத்து வீட்டம்மா அதைப் பார்த்துட்டு மாவு வாங்காமலே போயிட்டாங்க. மறுநாள் பங்குச் சாமியார் வந்து குடும்ப ஒற்றுமை பற்றி ரொம்ப நேரம் பேசினார்.

போன மாசம் போட்டிக்கும் போனேன். எதிராளி வழுக்கி விழ, நான் அவர்மேல் விழுந்துட்டேன். மேலே இருந்தா என்ன செய்யணும்னு எனக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்க? மன்னிக்கணும் என்று சொல்லிப் புரண்டு, அவரை என்மேல் ஏற்றிக்கிட்டு, அழகா வெளியே வந்தேன். பார்த்தால் மறுபடி நான்தான் மேலே! மறுபடி புரண்டேன். அவர் என்மேல் ஏறினதுக்கெல்லாம் அவருக்குப் புள்ளி விழுந்து நான் தோத்துட்டேன். நடுவர் ஜாசிராவிடம் எனக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஆகவே மச்சான், விருந்துக்கு அவசியம் வரவும். நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் உட்காரவும். அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

தங்கள் அடிபணிந்த (இந்த வருஷம்வரை),
அடமோர்

பின்குறிப்பு: அண்ணா, லுசிதேயா எழுதுறேன். தபால்ல போடச் சொல்லி இவர் குடுத்ததப் பிரிச்சேன். இத்தன மாசமும் நான் முழுசா உக்காரவே இல்ல. பாவமேன்னு முட்டியில எடையத் தாங்கிக்கிட்டுதான் நாடகம் பாத்தேன். நீயும் அன்னைக்குக் கொஞ்சம் தூக்கிக்கோன்னு சொல்லத்தான் பேனாவ எடுத்தேன். எதுக்கும் பாத்துடலாம்னு இப்பதான் மொத்த எடையும் போட்டு உக்காந்தேன். நழுவி வெளிய வந்துட்டு, "என்ன இளைச்சுட்ட? ஒழுங்கா சாப்பிடு"ன்னு திட்டிட்டுப் போறாரு. தூக்கவே வேணாம்ணா. முழுசா உக்காரு. ரயானி பாக்குற எடத்துல உக்காரு.