என் ஈரலுக்கு மட்டும் ஏன் இந்தப் பிடிவாதம்?

அரவேணு,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி முனியசாமிக்கு அண்ணன் லிங்கசாமி எழுதிக்கொள்வது. இவ்விடம் மூடுபனி, மூட்டுவலி, பேரிக்காய் மரத்துக்கு வரும் கரடி, இவை போக மற்றதெல்லாம் சௌக்கியம். கூடலூரில் உன் வீட்டாருக்கும் மாரியம்மன் துணை. போனில் சொன்னால் நடுவில் சிரிப்பாய், அதனால்தான் கடிதம்.

உனக்கும் எனக்கும் சந்தையில் ஒரே ஆள் ஒரே குறட்டால் பல் பிடுங்கினான், ஒரே கிருமி இரண்டு பேர் ஈரலிலும் குடியேறியது, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரே ஆஸ்பத்திரியில் வாரா வாரம் ஒரே மருந்தை ஊசியாகப் போட்டுக்கொண்டோம், இருவருக்கும் குளிர்காய்ச்சல், இருவருக்கும் முடி கொட்டியது, கடைசியில் உன் கிருமி மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது, என் கிருமி ரேஷன் கார்டில் பெயர் சேர்க்காத குறையாகத் தங்கிவிட்டது. நான் பத்தியத்தை மீறிக் கருவாடு தின்றதால்தான் என்று ஊரெல்லாம் சொன்னாயே! நீயும்தானே தின்றாய்?

காரணம் கருவாடு இல்லையாம். குன்னூரில் புதிதாக வந்திருக்கும் லோயிஸ் டாக்டரம்மா என் ரத்தத்தைச் சோதித்துச் சொன்னார். மரபணுவில் அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று இருக்குமாம். அதில் ஓரிடத்தில் சின்ன மாற்றம் இருந்தால் அந்தப் பழைய ஊசி சரியாக வேலை செய்யாதாம். எனக்கு இரண்டுமே அந்த ரகம். "உங்கம்மாவும் பாதி குடுத்திருக்காங்கல்ல, அத மறக்காம எழுதுங்க" என்கிறாள் உன் அண்ணி ஆண்டாயி. மாமியார் செத்துப் பதினெட்டு வருஷம் கழித்து ஒரு குற்றம் நிரூபணமானதில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எஸ்டேட் நர்சரியில் முப்பது வருஷம் நாற்றுப் போட்டவன் நான். விதையில் முளைத்த தேயிலை ஒவ்வொன்றும் ஒரு மாதிரி என்று எனக்கா தெரியாது? நாம் இரண்டு பேரும் விதைச்செடிகள், அவ்வளவுதான். அதனால் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "என் தம்பி நல்ல ரகமுங்க. சனிக்கிழமை வெறும் வயித்தோட வரச் சொல்றேன். அவன்கிட்ட ஒரு துண்டு வெட்டி எனக்கு ஒட்டுக் கட்ட முடியுங்களா?" அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள்.

"தம்பிய விட்டுடுங்க ஐயா! இப்ப இருக்கிற மாத்திரைக்கு இந்த வித்தியாசம் பெருசில்ல. அநேகமா எல்லாருக்கும் குணமாகுது" என்றார். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் விழுங்கினேன். அப்புறம் கிருமி திரும்பத் தலைகாட்டுகிறதா என்று மூன்று மாதம் காத்திருந்து, போன வாரம் கடைசி ரத்தமும் கொடுத்தாயிற்று. வியாழக்கிழமை முடிவு.

எல்லாருக்கும் பலிப்பது எனக்குப் பலிக்குமா? ஈரல் இறுக ஆரம்பித்திருக்கிறது, இன்னும் காலம் கடக்கவில்லை என்றார்கள். இந்த மாத்திரையும் பலிக்காவிட்டால் வேறென்ன இருக்கிறதோ! பயமாயிருக்குடா. அதனால் முடிவு எதுவானாலும் நீ வர வேண்டாம். குணமானவன் வந்து ஆறுதல் சொன்னால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உன் வீட்டுக்காரிக்கு அண்ணியின் விசாரிப்புகள்.

இப்படிக்கு,
லிங்கசாமி

பின்குறிப்பு: இன்று வியாழன். நானும் உன் அண்ணியும் தபால்பெட்டிக்குப் போகும் வழியில் டாக்டரம்மா போன் செய்தார். கிருமி இல்லையாம். துளிகூட இல்லையாம்! உன் அண்ணி ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். மேலே எழுதியதையெல்லாம் விட்டுத்தள்ளு. தம்பி, ஒவ்வொரு பொங்கலுக்கும் நீ வரும்போது நான் போர்த்திக்கொண்டு படுத்திருப்பேனே, அது தூக்கம் இல்லை. நீ பிழைத்துக்கொண்டாய் என்ற பொறாமை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வா. விழித்திருப்பேன்.